வாசகர் கேள்வி பதில்: கடல் செய்த சேதமும் குடியிருப்பவர் செய்த சேதமும்

கேள்வி: நான் பரமக்குடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. இராமேஸ்வரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குச் செல்லும் சாலையை ஒட்டி, 2009 இல் என் கணவர் கட்டிய சிறிய வீடு ஒன்று இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அதை மீன் வியாபாரம் செய்யும் ஒருவரின் குடும்பத்துக்கு மாதம் 8,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறேன்; அட்வான்ஸ் 24,000 ரூபாய். முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதினோம். அதன் பிறகு புதுப்பிக்கவில்லை. சென்ற மாதம் போய்ப் பார்த்தபோது நடுக்கூடத்தில் ஐஸ் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எட்டு டைல்ஸ் உடைந்திருக்கின்றன. அந்தக் கூடத்துச் சுவரில் அடியிலிருந்து இரண்டடி உயரத்துக்குக் காரை பெயர்ந்துவிட்டது. பின்வாசல் இரும்புக் கதவின் கீழ்ப்பகுதி துருவேறி ஓட்டையாகியிருக்கிறது. ஏசி குழாய்க்காக என்னைக் கேட்காமலே சுவரைத் துளைத்திருக்கிறார்கள். சமையலறை சிங்க் விரிசல் விட்டிருக்கிறது. படுக்கையறைக் கூரையில் ஓரிடத்தில் கான்கிரீட் விழுந்து கம்பி தெரிகிறது. கேட்டால், "இது உப்புக்காத்து ஊரு டீச்சர், எந்த வீடுதான் நல்லாயிருக்கு?" என்கிறார். என் தம்பி மகனோ, ஏழு நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பிவிட்டு, சரிசெய்யாவிட்டால் தண்ணீர் இணைப்பை நிறுத்திவிடலாம் என்கிறான். நான் என்ன செய்வது?

பதில்: தண்ணீர் இணைப்பைத் தொடவே தொடாதீர்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள, நில உரிமையாளர் மற்றும் குத்தகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம், வீட்டுக்காரர் எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைத் தடைசெய்கிறது. அப்படி நிறுத்திய மறுநாளே, சேதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையிலிருந்து குடியிருப்பவர் நீங்கிவிடுவார். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

ஏழு நாள் கெடுவும் தவறு. இதற்கு உரிய பழைய விதி 1882 ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 108 ஆம் பிரிவில், 'எம்' என்ற உட்பிரிவில் இருக்கிறது. குடியிருப்பவர் வீட்டைத் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். நியாயமான பயன்பாட்டால் வரும் தேய்மானமும், தடுக்க முடியாத சக்தியால் வரும் மாற்றமும் மட்டுமே விலக்கு. உரிமையாளர் தக்க நேரத்தில் வந்து பார்வையிட்டு, குறையைக் குறிப்பிட்டு அறிவிப்புக் கொடுக்கலாம். அந்தக் குறை குடியிருப்பவரின் அல்லது அவருடைய ஆட்களின் செயலாலோ தவறாலோ நேர்ந்ததாக இருந்தால், அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அவர் அதைச் சரிசெய்துதர வேண்டும். வேறு விதமாக எழுதிக்கொள்ளாத எல்லாக் குடியிருப்புக்கும் இது பொருந்தும் என்பதால், உங்கள் பதினொரு மாத ஒப்பந்தம் காலாவதியானதை வைத்து அவர் தப்ப முடியாது. பலர் நினைக்கும் பதினைந்து நாள் நோட்டீஸ், குடியிருப்பை முடித்துக்கொண்டு வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கானது. பழுதுபார்க்கச் சொல்வதோடு அதைச் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

இனி, உங்கள் பிரச்சினையின் மையத்துக்கு வருகிறேன். "உப்புக்காற்று" என்று அவர் சொல்வதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், கடற்காற்றில் உலோகம் அரிபடுவதைச் சோதிப்பதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கும் கரை இது. 1914 இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதற்கும் அரிப்பே காரணம். காற்றிலும் மணலிலும் உள்ள உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியை எட்டுகிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு வீங்குகிறது. வெளியே உள்ள கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. ஆகவே படுக்கையறைக் கூரையில் நீங்கள் பார்த்தது, பெரும்பாலும் கடல் செய்த வேலை அல்லது கட்டும்போது கம்பிக்கு மேல் போதுமான கனம் விடாத கொத்தனாரின் வேலை. குடியிருப்பவர் கூரையில் எதையும் தொங்கவிடவில்லை என்றால் அதற்கு அவர் பொறுப்பல்ல. 2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, குடியிருப்பவரால் நேர்ந்த சேதம் தவிர்த்த கட்டுமானப் பழுதுகள் உங்கள் கணக்கில்தான் வரும். அதை உடனே செய்துவிடுங்கள். கீழே குழந்தைகள் படுத்துறங்கும் அறை அது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஆனால் காற்று செய்வதற்கும் மனிதர் செய்வதற்கும் உருவம் வேறு. காற்றில் வரும் உப்பு வீட்டைப் பார்த்துப் பார்த்துத் தாக்குவதில்லை. கடலைப் பார்த்த பக்கத்தில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் சேதம் செய்யும். உங்கள் வீட்டில் கடலைப் பார்த்த முன்னறைச் சுவரும் அதன் சன்னல் கிரில்லும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். அங்கே காரை நிற்கிறது, உள்ளே இருக்கும் நடுக்கூடத்தில் மட்டும் அடிச்சுவர் இரண்டடிக்குப் பெயர்ந்திருக்கிறது என்றால், அது காற்று அல்ல. ஐஸ் பெட்டியிலிருந்து உருகி வழிந்த மீன்நீர் தரையில் தேங்கி, சுவரில் ஏறி, உப்பாகப் பூத்ததுதான். பெட்டிகள் நின்ற இடத்தின் அளவுக்கே பூப்பு நிற்கிறதா என்பதை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரும்புக் கதவையும் இதே போல் சோதிக்கலாம். மேல்பாதி வெறும் கறை படிந்து நிற்க, கீழ்ப்பாதி மட்டும் தகடு தின்றுபோயிருந்தால், பெட்டி கழுவிய தண்ணீர் அந்த வாசல் வழியாகவே வெளியேறியிருக்கிறது. எந்த உப்புக்காற்றும் டைல்ஸை உடைக்காது. கனமான பெட்டி விழுந்த இடத்தில் ஒரு புள்ளியிலிருந்து விரிசல்கள் நாலாபுறமும் கிளம்பியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் வீட்டைக் கொடுத்தபோது நிலைமைப் பட்டியல் எதுவும் எழுதி இருவரும் கையெழுத்திட்டிருக்க மாட்டீர்கள். நம் ஊர்ப் பக்கம் யாரும் எழுதுவதில்லை, அதனால்தான் வழக்குகள் நீள்கின்றன. அந்தப் பட்டியலுக்கு மாற்றாக, கடைசியாக வண்ணம் பூசிய பெயின்டரின் ரசீது, முன்பு குடியிருந்தவர் எடுத்த படம், கிரகப்பிரவேசத்தின்போது கூடத்தில் எடுத்த குடும்பப் படம் என எது கிடைத்தாலும் தேடி வையுங்கள். இப்போது நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் படங்களை அந்தக் கைப்பேசியிலேயே அழிக்காமல் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63 ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கும்போது அதற்கென ஒரு சான்று கேட்கிறது. படமெடுக்க உள்ளே போவதற்கும் முறை உண்டு. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவித்துவிட்டு, பகல் நேரத்தில் போங்கள். உங்களிடம் மாற்றுச் சாவி இருப்பதாலேயே திறந்து நுழைந்துவிடக் கூடாது. கூடவே, உறவினர் அல்லாத ஒரு மேஸ்திரியை அழைத்துச் சென்று, எதை எதனால் மாற்ற வேண்டும் என்று அவர் கைப்படத் தனித்தனி மதிப்பீடு எழுதி வாங்குங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட சேதங்களில் சிங்கைப் பற்றி வாதாடவே தேவையில்லை. அட்டவணையில் குடியிருப்பவருக்கு ஒதுக்கப்பட்ட வேலைகளில் சமையலறைப் பொருத்துகள், குழாய்களும் அவற்றின் வாஷர்களும், வாஷ் பேசின், சுவிட்ச், கதவுப் பூட்டு, சன்னல் கண்ணாடி எல்லாம் வருகின்றன. யார் உடைத்தார் என்ற கேள்வியே இங்கே எழாது. ஏசி துளையைப் பற்றி மட்டும் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். ஏசி ஓடும்வரை அந்தத் துளை வேண்டும். காலி செய்யும்போது அதை அடைத்து, பூசி, வண்ணம் தீட்டி முன்னிருந்த நிலையில் தருவதாக எழுதித் தரச் சொல்வதே போதும். துளையைச் சுற்றி மழைநீர் இறங்காமல் இப்போதே அடைக்கச் சொல்லலாம்.

கதவுக்குப் புதுக் கதவின் முழு விலையைக் கேட்டால் அது எடுபடாது. 2009 இல் போட்ட தகட்டுக் கதவு, கடலோரத்தில் அதன் ஆயுளில் பெரும்பகுதியை ஏற்கெனவே முடித்திருக்கும். கீழே புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, துரு தடுக்கும் வண்ணம் பூசித் தரச் சொல்லுங்கள். டைல்ஸும் அப்படித்தான். எட்டு டைல்ஸுக்கு எட்டுதான் கேட்க வேண்டும். பழைய நிறம் கடையில் கிடைக்கவில்லை என்பதால் முழுக் கூடத்தையும் அவர் செலவில் மாற்றச் சொன்னால், நியாயமான மற்ற கோரிக்கைகளின் மதிப்பும் குறைந்துவிடும். கட்டும்போது மிஞ்சிய டைல்ஸ் மாடிப்படியின் கீழோ பரணிலோ கிடக்கிறதா என்று பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் கிடக்கும்.

இப்போது அறிவிப்பை எழுதலாம். வழக்கறிஞர் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓர் ஆசிரியையின் கையெழுத்தில் வரும் கடிதம் முதல் அறிவிப்புக்குப் போதும், அதன் தொனியும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். தமிழிலேயே எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"தாங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் எனது வீட்டை, முன்கூட்டி எழுத்தில் தெரிவித்தபடி, இன்ன தேதி காலை பதினொரு மணிக்குத் தங்கள் முன்னிலையில் பார்வையிட்டேன். படுக்கையறைக் கூரையில் கான்கிரீட் உதிர்ந்திருப்பது தங்களால் நேர்ந்ததல்ல என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அதை என் செலவில் இம்மாத இறுதிக்குள் செய்து தருகிறேன். நடுக்கூடத்தில், வாசலிலிருந்து எண்ணினால் இரண்டாவது, மூன்றாவது வரிசைகளில் எட்டு டைல்ஸ் உடைந்துள்ளன. அதே கூடத்தின் மேற்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலும், ஐஸ் பெட்டிகள் வைக்கப்பட்டிருந்த நீளத்துக்கு, தரையிலிருந்து இரண்டடி உயரம் காரை பெயர்ந்துள்ளது. கடலைப் பார்த்த முன்னறைச் சுவரில் இந்தச் சேதம் இல்லை. பின்வாசல் இரும்புக் கதவின் கீழ்ப்பகுதி, பெட்டி கழுவிய நீரால் அரிக்கப்பட்டுள்ளது. சமையலறை சிங்க் விரிசல் விட்டுள்ளது. இவற்றை, இந்த அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் நானே சரிசெய்து, அதற்கான செலவை ரசீதுகளுடன் தாங்கள் கொடுத்துள்ள முன்பணத்தில் கழித்துக்கொள்வேன். வீட்டுக்குள் ஐஸ் பெட்டி வைப்பதையும் கழுவுவதையும் உடனே நிறுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். படங்களும் மேஸ்திரியின் மதிப்பீட்டு நகலும் இணைக்கப்பட்டுள்ளன."

கூரையைப் பற்றிய வரியை உங்கள் தம்பி மகன் அடித்துவிடச் சொல்வார். அடிக்காதீர்கள். "உப்புக்காற்று" என்ற குடியிருப்பவரின் வாதத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறதோ அவ்வளவையும் நீங்களே முதலில் கொடுத்துவிட்டால், மிச்சமிருப்பதற்கு அந்த வாதம் உதவாது. பெட்டிகளைப் பற்றிய கடைசி வரியும் முக்கியமானது. வீட்டைச் சேதப்படுத்தும் தவறான பயன்பாட்டை நிறுத்தச் சொல்லி அறிவித்த பிறகும் அது தொடர்ந்தால், 2017 சட்டத்தின் 21 ஆம் பிரிவின்படி வீட்டைத் திரும்பப் பெறக் கேட்கலாம். அறிவிப்பு இல்லாமல் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆனால் இந்தக் கடிதத்தில் காலி செய்யும் பேச்சை எடுக்க வேண்டாம்.

கெடு விஷயத்தில் உங்கள் ஊர்க் கணக்கையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு மீனை நம்பி வியாபாரம் செய்பவரின் கையில் அந்த நாட்களில் பணம் இருக்காது. ஏப்ரல் நடுவில் அறிவிப்புக் கொடுத்தால் மூன்று மாதம் ஜூலை நடுவில் முடியும். படகுகள் கடலுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். சட்டம் தரும் காலமே இங்கே வாழ்க்கைக்கும் பொருந்தி வருகிறது. ஒரேயடியாகச் செய்ய முடியாவிட்டால் முதலில் சுவர், பிறகு தரை என்று அவர் தவணை கேட்கலாம். அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் இரண்டு பிரதிகளை நேரில் கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்து மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் வருத்தப்பட வேண்டாம், அஞ்சலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், அஞ்சலகத்தில் விரைவுத் தபாலில் பதிவுச் சேவையும் ஒப்புகையும் சேர்த்துக் கேளுங்கள். சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்திப் பதிவு செய்து அனுப்பிய கடிதம் உரிய காலத்தில் சேர்ந்ததாகவே 1897 ஆம் ஆண்டுப் பொது வாசகங்கள் சட்டத்தின் 27 ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. "வாங்க மறுத்தார்" என்ற குறிப்போடு உறை திரும்பி வந்தால், உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினால் தவறில்லை, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

மூன்று மாதம் கழிந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், 2017 சட்டத்தின் 15 ஆம் பிரிவு நீங்களே செய்துகொண்டு முன்பணத்தில் கழிக்க அனுமதிக்கிறது. 24,000 ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும் என்பதே என் எண்ணம். அதை மிஞ்சும் சில ஆயிரங்களுக்காக இராமநாதபுரத்துக்கு நடையாய் நடப்பது உங்கள் வயதில் தேவையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஒன்றை மட்டும் இப்போதே செய்யுங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் போதும் என்ற பழைய வழக்கம் இனிச் செல்லாது. ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதி, வருவாய்க் கோட்ட அளவில் துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். இராமேஸ்வரம் வட்டம் இராமநாதபுரம் கோட்டத்தில் வருகிறது, இணையவழியிலும் பதியலாம். பதியாத ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு எந்த அதிகாரி முன் போனாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: நான் துபாயில் வேலை செய்கிறேன். கீழக்கரையில் உள்ள என் வீட்டில் குடியிருப்பவர், மாடியில் தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்றி வைத்ததால் கீழே நீர்க்கசிவு வந்திருக்கிறது. பழுதுபார்க்கச் சொல்லும் கடிதத்தை ஊரில் இருக்கும் என் தாய்மாமா கொடுத்தால் செல்லுமா?

பதில்: செல்லும். உரிமையாளருக்காக அவருடைய பிரதிநிதி வீட்டைப் பார்வையிட்டு அறிவிப்புக் கொடுக்கலாம். மாமாவுக்கு நீங்கள் கையெழுத்திட்ட ஓர் அதிகாரக் கடிதம் அனுப்பி, வீட்டை இனி அவரே கவனிப்பார் என்பதை அவருடைய பெயர், முகவரியோடு குடியிருப்பவருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். "என் மருமகன் இன்னாருக்காக" என்று மாமா தம் கடிதத்தில் எழுதி, உங்கள் அதிகாரக் கடிதத்தின் நகலை இணைக்க வேண்டும். வழக்கு வரை போகக்கூடும் என்று தோன்றினால் பொது அதிகாரப் பத்திரம் தேவைப்படும். அதை அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பி, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். கசிவு நாளுக்கு நாள் சேதத்தைக் கூட்டுவது என்பதால், தொட்டியை உடனே பழைய இடத்துக்கு மாற்றுமாறு முதல் வரியிலேயே கேட்டு, காரை, வண்ணப் பூச்சு வேலைகளுக்கு மட்டும் மூன்று மாதம் கொடுங்கள்.

கேள்வி: தொண்டியில் நான்கு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறேன். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள், மங்கிப்போன வெள்ளை, உடைந்த ஒரு சன்னல் கண்ணாடி, ஒழுகும் இரண்டு குழாய் எல்லாவற்றையும் சேர்த்து, வீடு முழுவதும் பெயின்ட் அடித்துத் தர வேண்டும் என்று வீட்டுக்காரர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நான் செய்தாக வேண்டுமா?

பதில்: கண்ணாடியும் குழாய்களும் உங்கள் பொறுப்பு, இந்த வாரமே மாற்றிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னலுக்கு வண்ணம் பூசுவதும், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, உரிமையாளரின் வேலை. நான்கு ஆண்டுகளில், அதுவும் கடலோரத்தில், வெள்ளை மங்குவது தேய்மானமே. காலண்டர் மாட்டிய ஆணி ஓட்டை நியாயமான பயன்பாடு. சுவரையே பிளந்து அலமாரி பொருத்தியிருந்தால் அது வேறு கதை. நோட்டீஸுக்குப் பதில் எழுதாமல் இருந்துவிடாதீர்கள். எதை ஏற்கிறீர்கள், எந்தத் தேதியில் செய்து முடித்தீர்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, கண்ணாடி, குழாய் ரசீதுகளின் நகலோடு அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். நாளை வீட்டைக் காலி செய்யும்போது, ஒரு மாதத்துக்குள் திரும்ப வர வேண்டிய முன்பணத்தில் எவ்வளவு கழிக்கலாம் என்ற பேச்சு எழும்; அப்போது இந்த ஒரு பக்கத்தை எடுத்து வைத்துத்தான் நீங்கள் பேச முடியும்.